சித்தாமையும் ரிட்லியும்: ஒரு கடலாமைக்கு விழுந்த பெயர்கள்

மாசி, பங்குனியில் தனுஷ்கோடி அரிச்சல்முனையிலிருந்து மூக்கையூர் வரை எந்தக் கரையில் ஆமை ஏறினாலும், செத்து ஒதுங்கினாலும், அதற்கு இரண்டு மூன்று பெயர்கள் விழுகின்றன. வலையை உதறிக்கொண்டிருக்கும் மீனவர் "சித்தாமை" என்கிறார். பதிவேட்டில் "ஆலிவ் ரிட்லி" என்று ஏறுகிறது. மறுநாள் செய்தியில் "பங்குனி ஆமை" என்று வரும். சில நேரம் "ஆலிவர் ரிட்லி" என்றும் வந்துவிடும். ஆலிவர் என்பது ஆங்கிலேய ஆண்களுக்கு இடும் பெயர். ஆக ஆமை ஓர் ஆளாகிவிடுகிறது.

இந்தத் தவறு சும்மா வந்ததில்லை. ரிட்லி என்ற சொல் உண்மையிலேயே மனிதர்களின் பெயர்தான். அது எப்படி ஓர் ஆமையின் பெயரானது என்பதற்கு இன்றுவரை உறுதியான விடை கிடையாது. உலகத்தில் உள்ள ஏழு கடலாமை இனங்களில் இரண்டுக்கு இந்தப் பெயர் உண்டு. அந்த இரண்டிலும் பெயருக்கும் விலங்குக்கும் என்ன தொடர்பு என்று யாராலும் காட்ட முடியவில்லை. இதற்கு எதிரில் நம் கரைப் பெயர்களை வைத்துப் பார்த்தால், சித்தாமை, பேராமை, அழுங்காமை, ஏழுவரியாமை என்ற ஒவ்வொன்றும் ஓர் அடையாளக் குறிப்பு. பெயரைச் சொன்னாலே எதைப் பார்க்க வேண்டும் என்று தெரிந்துவிடுகிறது. அந்தக் குறிப்பு எங்கே உதவும், எங்கே காலை வாரும் என்பதையும் சேர்த்தே அறிந்து வைத்துக்கொள்ள வேண்டும்.

ரிட்லி என்னும் ஆட்கள்

ரிட்லி முதலில் ஊர்ப்பெயர். இங்கிலாந்தில் அந்தப் பெயரில் ஒன்றுக்கு மேற்பட்ட ஊர்கள் உள்ளன. பழைய ஆங்கிலத்தில் "லீ" என்ற ஈறு காட்டுக்கு நடுவே உள்ள வெட்டவெளியைக் குறிக்கும். நம் ஊர்ப்பெயர்களில் குடி, பட்டி, ஏந்தல் வருவதுபோல அங்கே அது வரும். முன்பாதி ஊருக்கு ஊர் வேறு: கென்ட் பகுதி ரிட்லிக்கு நாணல் வளர்ந்த வெளி என்றும், செஷயர் பகுதி ரிட்லிக்கு மரம் வெட்டித் திருத்திய வெளி என்றும் பொருள் சொல்கிறார்கள். ஒரே எழுத்துக்கூட்டல், இரண்டு பிறப்பு. பிறகு ஊர்ப்பெயர் குடும்பப் பெயராகியது. அரியக்குடி, செம்மங்குடி என்று ஊரைச் சொன்னாலே பாடகர் நினைவுக்கு வரும் நமக்கு இது விளங்காத வழக்கமல்ல.

அந்தக் குடும்பப் பெயர் கொண்டவர்களில் சிலர் இராமநாதபுரத்து வாழ்க்கையையும் தொட்டிருக்கிறார்கள். லண்டன் கண் மருத்துவர் ஹெரால்டு ரிட்லி 1949 நவம்பரில் கண்புரை எடுத்த கண்ணுக்குள் செயற்கை லென்ஸை முதன்முதலாக வைத்தார். போரில் விமானக் கூண்டின் பிளாஸ்டிக் சில்லுகள் விமானிகளின் கண்ணுக்குள் ஏறியும், அந்தக் கண்கள் அவற்றை ஏற்றுக்கொண்டு அமைதியாக இருந்ததைக் கவனித்ததிலிருந்து பிறந்த யோசனை அது. இன்று கண்புரை அறுவை முடித்து "லென்ஸ் வைத்திருக்கு" என்று சொல்லும் ஒவ்வொரு பெரியவரும் அவர் தொடங்கிய வழியில் பார்வை பெற்றவர்.

இன்னொருவர் ஹென்றி நிக்கோலஸ் ரிட்லி, தாவரவியலாளர். 1855இல் பிறந்து 1956இல் நூறு வயது நிறைந்து மறைந்தார். 1888இலிருந்து இருபது ஆண்டுகளுக்கும் மேல் சிங்கப்பூர் தாவரவியல் பூங்காவை நடத்தினார். பால்மரத்தைக் கோடாரியால் கொத்திச் சிதைக்காமல், பட்டையை மீன்முள் வடிவில் மெல்லச் சீவி, அதே காயத்தை மறுபடி மறுபடி திறந்து பால் எடுக்கும் முறையை அவர்தான் வகுத்தார். மலேயாவின் ரப்பர் தோட்டங்கள் அந்தச் சீவலின்மேல் எழுந்தவை. சீவிய கைகளில் பெரும்பங்கு தமிழ்க் கைகள். இராமநாதபுரச் சீமையிலிருந்து கப்பல் ஏறிப் போனவர்களும் அவற்றில் உண்டு. ஆமையின் பெயராக ரிட்லி இந்தக் கரைக்கு வருமுன்பே அந்த மனிதரின் முறை இங்குள்ள குடும்பங்களின் பிழைப்பில் கலந்துவிட்டது.

ஆமைக்குப் பெயர் கொடுத்தவர் இந்த ஹென்றி ரிட்லிதான் என்று ஓர் ஊகம் உண்டு. 1887இல் பிரேசிலுக்கு அப்பால் உள்ள பெர்னாண்டோ டி நொரோனா தீவுகளுக்கு ஆய்வுப் பயணம் போனவர், அங்கே ஆமைகளையும் பார்த்தார் என்பதே அதன் அடிப்படை. எங்களுக்கு இது பொருந்தி வரவில்லை. ரிட்லி என்ற ஆமைப் பெயர் புளோரிடா மீனவர்களின் வாயில் புழங்கிய சொல். பிரேசில் கடலில் ஒரு தாவரவியலாளர் பார்த்த ஆமை, அவர் பெயரோடு புளோரிடாவின் படகுத் துறைகளுக்கு எந்த வழியாகப் போய்ச் சேர்ந்திருக்கும்? அந்த இடைவழியைக் காட்டும் எழுத்து எதுவும் இல்லை.

புளோரிடாவின் விலங்கியலாளர் ஆர்ச்சி கார், கடலாமை ஆய்வுக்கே உலகளவில் அடித்தளம் போட்டவர், இந்தப் பெயரின் வேரைத் தேடிக் கரைகரையாக விசாரித்தார். மீனவர்கள் சொன்ன விடை ஒன்றுதான்: அதற்குப் பெயர் அதுதான், எப்போதும் அப்படித்தான் சொல்வோம். புதிர் என்று பொருள்படும் "ரிடில்" என்ற ஆங்கிலச் சொல்லிலிருந்து திரிந்திருக்கலாம் என்றும் சிலர் சொல்வதுண்டு. அதற்கும் ஒலி ஒற்றுமையைத் தவிர வேறு சான்று இல்லை.

ரிட்லி இனங்களில் மற்றொன்றான கெம்ப் ரிட்லிக்கு இன்னொரு விந்தை உண்டு. கெம்ப் யாரென்று நன்றாகவே தெரியும்: புளோரிடாவின் கீ வெஸ்ட் ஊரைச் சேர்ந்த ரிச்சர்டு கெம்ப். அவர் அனுப்பிய ஆமையை வைத்து ஹார்வர்டில் இருந்த சாமுவேல் கார்மன் 1880இல் அந்த இனத்தை விவரித்து, கெம்ப்பின் பெயரையே சூட்டினார். ஆக "கெம்ப் ரிட்லி" என்ற பெயரில் முன்பாதிக்கு ஆள் தெரியும், பின்பாதிக்குத் தெரியாது.

நம் ஆமைக்கு அறிவியல் பெயர் அதற்கு அரை நூற்றாண்டு முன்பே கிடைத்துவிட்டது. எஷ்ஷோல்ட்ஸ் என்ற இயற்கையறிஞர் மணிலாவில் கிடைத்த ஆமையை 1829இல் விவரித்து, ஒலிவக் காயின் மங்கிய பச்சை நிறத்தைக் குறித்து "ஒலிவேசியா" என்று வைத்தார். "ஆலிவ்" என்ற முன்பாதியின் மூலம் இந்த நிறமே; ஆலிவருக்கும் அதற்கும் தொடர்பில்லை. ஒலிவ மரமே வளராத நம் கரையில் அந்த ஒப்புமை யாருக்கும் எதையும் சொல்லாது. உயிரோடு கரையேறும் ஆமையின் ஓடு ஈர மணல் ஒட்டி, சாம்பலும் பச்சையும் கலந்து மங்கித் தெரியும். குஞ்சோ ஏறத்தாழக் கறுப்பு. நிறத்தை நம்பி இனம் சொல்பவர் முதலில் சறுக்குவது குஞ்சில்தான்.

ஒரு கரை அறியாததும் ஒரு கரை அறிந்ததும்

மெக்சிகோ வளைகுடாவையும் புளோரிடாவையும் சுற்றியிருந்த மீனவர்கள் கெம்ப் ரிட்லிக்கு வேறு இரண்டு பெயர்களும் வைத்திருந்தார்கள். ஒன்று, தகப்பன் பெயர் தெரியாத பிள்ளையைக் குறிக்கும் வசைச்சொல். பெருந்தலை ஆமையும் பச்சை ஆமையும் கூடிப் பிறந்த கலப்பு இது, இதற்கெனச் சந்ததி இல்லை என்று நம்பினார்கள். அந்த நம்பிக்கைக்கு ஒரு காரணம் இருந்தது: அந்த ஆமை முட்டையிடுவதை அவர்களில் யாரும் பார்த்ததில்லை. கூட்டம் கூட்டமாக அது முட்டையிடும் கரை மெக்சிகோவின் தமௌலிபாஸ் மாநிலத்து ரான்சோ நுவேவோ என்ற ஒரே நீட்சியில் இருந்தது. அதுவும் இரவில் அல்ல, பட்டப்பகலில். 1947 ஜூனில் ஆந்திரேஸ் எர்ரேரா என்ற பொறியாளர் அங்கே எடுத்த படச்சுருளில் ஒரே நாளில் ஏறிய ஆமைகளைப் பின்னாளில் 40,000 என்று மதிப்பிட்டார்கள். அறிவியல் உலகம் அந்தப் படத்தைப் பார்த்தது 1961இல்தான். அதுவரை வசைச்சொல் பெயராக நின்றது. 1985இல் அங்கே எண்ணப்பட்ட முட்டைக் குழிகள் வெறும் 702.

நம் கரையின் "பங்குனி ஆமை" என்ற பெயரை இதற்குப் பக்கத்தில் வைத்துப் பார்க்க வேண்டும். இந்த ஆமை முட்டையிடும், இந்த மாதத்தில் இடும், ஆண்டுதோறும் வரும் என்ற மூன்று செய்திகள் அந்த ஒரு பெயருக்குள் இருக்கின்றன. தை, மாசி, பங்குனி மூன்றிலும் முட்டையிடல் நடந்தாலும், வாடைக் காற்று ஓய்ந்து கடல் தணியும் பங்குனியையே பெயர் பிடித்துக்கொண்டது. கெம்ப் ரிட்லியும் சித்தாமையும் தனித்தனி இனங்கள்தான், உடன்பிறப்பு இனங்கள். ஆனாலும் பெயர் வைக்கும் அறிவு எங்கிருந்து வருகிறது என்பதற்கு இதைவிடத் தெளிவான எடுத்துக்காட்டு கிடைக்காது. முட்டையைக் கண்ட கரை மாதத்தைச் சொன்னது. காணாத கரை பிறப்பைச் சந்தேகித்தது.

அந்த மீனவர்கள் வைத்த இன்னொரு பெயர் "நெஞ்சுடைந்த ஆமை". மற்ற ஆமைகளைப் படகில் மல்லாக்கப் போட்டால் பல நாள் உயிரோடு கிடக்கும், இது மட்டும் ஏங்கிச் செத்துவிடும் என்று சொல்லி வைத்த பெயர். ஏக்கம் என்பது அவர்கள் கொடுத்த விளக்கம். உடலமைப்பைப் பார்த்தால் காரணம் இன்னும் நேரானது: ஆமைக்கு நுரையீரல் முதுகு ஓட்டை ஒட்டி இருக்கிறது. மல்லாக்கப் போட்டால் குடலும் ஈரலும் மற்ற உறுப்புகளும் நுரையீரலின்மேல் அமர்ந்து அழுத்தும். பெயர் சொன்ன காரணம் தவறு. பெயர் காட்டிய ஆபத்து உண்மை.

நம் பக்கத்தில் திருக்கை வலையிலோ இழுவை மடியிலோ மாட்டி ஏறும் ஆமைக்கும் இதே விதிதான். அசைவில்லை என்பதால் செத்துவிட்டது என்று எடுத்துக்கொள்ளக் கூடாது. நீருக்குள் மூச்சடங்கிய ஆமை பல மணி நேரம் பிணம்போலவே கிடந்து பிறகு மூச்சு வாங்கும். வயிறு கீழே இருக்கும்படி வைத்து, பின்பக்கத்துக்கு டயரோ கயிற்றுச் சுருளோ கொடுத்து ஒரு சாண் உயர்த்த வேண்டும். நுரையீரலில் ஏறிய நீர் வாய்வழி வடியும். நிழல் வேண்டும், ஈரச் சாக்கு போர்த்தலாம், மூக்குத் துளை மூடக் கூடாது. தொட்டியில் நீர் நிறைத்து அதில் போட்டால் மூழ்கியே செத்துவிடும். குறைந்தது 4 மணி நேரம், தேவைப்பட்டால் 24 மணி நேரம் வரை காத்திருக்கலாம். கண்ணோரத்தையோ வாலையோ மெல்லத் தொட்டால் சுருங்குகிறதா என்று இடையிடையே பார்க்க வேண்டும். விடும்போது இன்ஜினை நியூட்ரலில் போட்டு, வலை இல்லாத பக்கம், தலை முன்னே போகும்படி நீரில் இறக்க வேண்டும்.

சித்தப்பா, பெரியப்பா, சித்தாமை, பேராமை

சித்தாமை என்ற பெயரைச் சித்தரோடு சேர்த்துப் பொருள் சொல்பவர்கள் உண்டு. கடலாமை ஒரு மூச்சில் நெடுநேரம் அடங்கியிருப்பதால் அந்த எண்ணம் வந்திருக்கலாம். சொல்லின் வடிவம் அதற்கு இடம் கொடுக்கவில்லை. பள்ளியில் படித்த பண்புப்பெயர்ப் புணர்ச்சியே போதும். சிறுமை + ஆமை: ஈறு போய், தன்னொற்று இரட்டி, சிற்றாமை. பெருமை + ஆமை: ஈறு போய், ஆதி நீண்டு, பேராமை. சிற்றூர், பேரூர் வரும் அதே வழி. பேச்சில் "ற்ற" எல்லாம் "த்த" ஆகும்: காற்று காத்து, நாற்று நாத்து. சிற்றப்பன் சித்தப்பா ஆனதும், சிற்றன்னை சித்தி ஆனதும் இப்படித்தான். சிற்றாமை சித்தாமை ஆயிற்று.

ஆக இங்கேயும் ஆமையும் மனிதரும் ஒரு சொல்லைப் பங்கிட்டுக்கொள்கிறார்கள். வீட்டில் இளையவரைக் குறிக்கும் அடைமொழியே கடலில் சின்ன ஆமைக்கும். ரிட்லி என்ற பங்கீட்டுக்கு விளக்கம் இல்லை. சித்தாமைக்கு இலக்கணமே சாட்சி.

சிறிது என்பது எதைவிடச் சிறிது? பேராமையைவிட. பாக் விரிகுடாவிலும் மன்னார் வளைகுடாவிலும் கடற்புல் மேயும் பச்சை ஆமைதான் பேராமை. வளர்ந்த பேராமையின் ஓடு ஏறத்தாழ 1 மீட்டர், எடை 100 கிலோவைத் தாண்டும். வளர்ந்த சித்தாமையின் ஓடு 60 முதல் 70 சென்டிமீட்டர், எடை 35 முதல் 50 கிலோ. படகில் தூக்கிப் போட எத்தனை ஆள் வேண்டும் என்பதிலேயே வேறுபாடு தெரிந்துவிடும். ஆமையைக் கறிக்காகப் பிடித்த காலத்தில் பேராமைக்கே மதிப்பு. அந்தக் கணக்கிலும் இந்தப் பெயர்கள் வேலை செய்தன.

அழுங்காமை இன்னும் நுட்பமான பெயர். அழுங்கு என்பது எறும்புத்தின்னி. உடம்பெல்லாம் ஓட்டுச் செதில் ஒன்றன்மேல் ஒன்று அடுக்கியிருக்கும். இந்த ஆமையின் ஓட்டுத் தகடுகளும் கூரை ஓடு வேய்ந்ததுபோல் பின்னோக்கி ஏறி அடுக்கியிருக்கும். கிளி மூக்குபோல வளைந்த அலகு உள்ள இதைப் பிரித்தறிவது உயிர்ச் சேதம் தொடர்பான விஷயமாகவும் இருந்தது. இதன் கறி சில நேரம் கொடிய நஞ்சாகி, தின்றவர்கள் இறந்திருக்கிறார்கள். சமைப்பதால் அந்த நஞ்சு போவதில்லை. ஏழுவரியாமை என்பது முதுகில் நீளவாக்கில் ஏழு வரம்பு ஓடும் தோல்முதுகு ஆமை. கவிழ்த்த தோணிபோல இருப்பதால் தோணியாமை என்றும் பெயர். இராமநாதபுரக் கரையில் அது அரிது. பெருந்தலை ஆமையும் அப்படியே.

அச்சில் இந்தப் பெயர்களைத் தேடுபவருக்கு ஒரு சிக்கல் வரும். "ஆமை" என்பது தமிழில் எதிர்மறை ஈறும்கூட: கல்லாமை, இல்லாமை, பொறாமை. அழுங்குதல் என்றால் வருந்துதல். ஆகவே "அழுங்காமை" என்பதை வருந்தாமை என்றும் படிக்கலாம். பேர்தல் என்றால் பெயர்ந்து போதல். "பேராமை" அசையாமையும் ஆகும். கணினித் தேடலில் மட்டுமல்ல, பழைய நூல்களைப் படிக்கும்போதும் சூழலைப் பார்த்தே இது விலங்கா, குணமா என்று முடிவு செய்ய வேண்டும். ஐந்தடக்கும் ஆமை என்று குறள் காட்டுவது குளத்து ஆமையையோ நிலத்து ஆமையையோதான். கடலாமையால் தலையையும் துடுப்பையும் ஓட்டுக்குள் இழுத்துக்கொள்ள முடியாது. அகநானூற்றின் 160ஆம் பாட்டில் வரும் ஆமை வேறு: அடும்பங்கொடி படர்ந்த வெண்மணல் மேட்டில், தந்தத்தால் செய்த உருண்டைபோல் வெள்ளை முட்டைகளைப் புதைத்துவிட்டுப் போகும் ஆமை அது. முட்டை பொரியும் வரை ஆண் ஆமை காவல் இருக்கிறது என்று அந்தப் பாட்டு சொல்வது மட்டும் கடலாமையின் இயல்பில் இல்லை. மணல்மேடும் அடும்பும் வட்ட முட்டையும் இன்றைக்கும் தனுஷ்கோடியில் அப்படியே உள்ளன.

பெயர் தவறும் இடம்

அளவை வைத்துப் பிறந்த பெயருக்கு அளவிலேயே ஆபத்து இருக்கிறது. பெண்கடலில், அதாவது பாக் விரிகுடாவில், கடற்புல் மேய வரும் பேராமைகளில் பல இன்னும் வளராதவை. 60 சென்டிமீட்டர் ஓடுள்ள இளம் பேராமை வலையில் ஏறினால், பார்த்த மாத்திரத்தில் சித்தாமை என்று சொல்லிவிட நேரும். அழுங்காமையிலும் இதே குறை: குஞ்சிலும் மிக முதிர்ந்த ஆமையிலும் தகடுகள் அடுக்காமல் பக்கம்பக்கமாகவே கிடக்கும். ஆங்கில எழுத்துகளும் தவறின. இந்தியக் கடல்களைப் பற்றிய பழைய குறிப்புகள் பலவற்றில் சித்தாமையே பெருந்தலை ஆமை என்ற தலைப்பில் கிடக்கிறது. இரண்டையும் பிரித்துக் காட்டியதில் நமக்கு எதிர்க்கரையான இலங்கையிலிருந்து 1930களில் எழுதிய தெரணியகலவுக்குப் பெரிய பங்கு உண்டு. ஆகவே பழைய பதிவில் பெருந்தலை ஆமை என்று கண்டால், அளவோ படமோ இல்லாமல் அதை அப்படியே எடுத்துக்கொள்ளக் கூடாது.

தவறாத வழி, ஓட்டுத் தகடுகளை எண்ணுவது. ஓடு முழுக்க மணலும், கொட்டலசு என்னும் சிறு ஓட்டுயிரும் ஒட்டியிருக்கும். ஈரக் கையால் தேய்த்துத் துடைத்தால் தகடுகளுக்கு இடையிலான கோடு தெரியும். நடுமுதுகில் தலையிலிருந்து வால்வரை ஒரு வரிசை ஓடும். அதற்கு இருபுறமும் உள்ள அகன்ற தகடுகளே எண்ண வேண்டியவை. ஓரத்தில் சுற்றி வரும் சின்னத் தகடுகள் கணக்கில் இல்லை. கழுத்துக்கு நேர்மேலே ஒரு சிறு தகடு இருக்கும், அதையும் எண்ணக் கூடாது. பெரும்பாலான தவறுகள் இதைச் சேர்த்து எண்ணுவதால் வருபவை.

பக்கத்துக்கு 4 இருந்தால் பேராமை அல்லது அழுங்காமை. இரண்டையும் பிரிக்க நெற்றியைப் பார்க்க வேண்டும்: கண்களுக்கு நடுவே ஒரு ஜோடித் தகடு என்றால் பேராமை, இரண்டு ஜோடி என்றால் அழுங்காமை. பக்கத்துக்கு 5 இருந்து, தலை பெருத்து, ஓடு செம்பழுப்பாக இருந்தால் பெருந்தலை. 6 அல்லது அதற்கு மேல் என்றால் சித்தாமை. 9 வரைகூடப் போகும். இடப்பக்கம் 6, வலப்பக்கம் 7 என்று ஒவ்வாமல் இருப்பதும் சித்தாமையின் வழக்கமே. அரிதாகச் சித்தாமைக்கும் 5 வரும். அப்போது அடிப்பக்க ஓரத்தில், மேலோட்டுக்கும் வயிற்றோட்டுக்கும் நடுவே உள்ள பாலத் தகடுகளைப் பார்க்க வேண்டும். சித்தாமைக்குப் பக்கத்துக்கு 4. ஒவ்வொன்றின் பின்னோரத்திலும் குண்டூசி நுனி அளவில் ஒரு துளை இருக்கும். பெருந்தலைக்கு 3, துளை கிடையாது.

அழுகிய ஆமையில் தகடு கழன்று எலும்பு வெளித்தெரியும். அப்போதும் எண்ணலாம், தகடு பதிந்த தடம் எலும்பின்மேல் பள்ளமாக நிற்கும். எலும்புகள் சேரும் இடத்துப் பற்பற்களான பொருத்துக் கோட்டைத் தகட்டுத் தடம் என்று எண்ணிவிடாமல் இருந்தால் போதும்.

ஆமையைப் பார்க்காமல் தடத்தை மட்டும் பார்ப்பவருக்கும் வழி உண்டு. சித்தாமை துடுப்புகளை மாற்றி மாற்றி வைத்து ஏறும். வலத் துடுப்புத் தடமும் இடத் துடுப்புத் தடமும் எதிரெதிரே இராமல் முன்பின்னாக விழும். தடத்தின் அகலம் 70 முதல் 80 சென்டிமீட்டர், ஆழம் குறைவு. பேராமை இரண்டு துடுப்பையும் ஒருசேர ஊன்றி உடலை இழுக்கும். தடம் இருபுறமும் ஒத்திருக்கும், அகலம் 1 மீட்டரைத் தொடும். முட்டையிட்டு மூடியபின் சித்தாமை உடம்பை இடமும் வலமுமாக ஆட்டி, வயிற்றோட்டால் மணலைத் தட்டி இறுக்கும். பேராமை அளவுக்குப் பெரிய உடல்குழியை அது தோண்டுவதில்லை. காற்று வீசும் தனுஷ்கோடியில் விடிந்து இரண்டு மணி நேரத்தில் தடம் அழிந்துவிடும். ஆகவே விடியுமுன் நடப்பவருக்கே அது கிடைக்கும்.

பொரிப்பகத்தில் பெயரின் வேலை

இனப்பெயரைச் சரியாக எழுதுவதன் பயன் முட்டைக் குழியில் நேரடியாகத் தெரிகிறது. சித்தாமை ஒரு முறைக்கு 100 முதல் 120 முட்டை இடும். குழி 45 சென்டிமீட்டர் ஆழம், வாய் குறுகி அடி அகன்ற பானை வடிவம். பேராமையின் முட்டைக் குழி 60 சென்டிமீட்டருக்கும் மேல் ஆழமாகப் போகும். பொரிப்பகத்தில், அதாவது முட்டைகளை எடுத்து வந்து காவலில் பொரிக்கவிடும் இடத்தில், பேராமை முட்டையைச் சித்தாமைக் குழி ஆழத்தில் புதைத்தால், மேல்மணலின் சூடு அதற்கு அதிகமாக ஏறும். கடலாமைக் குஞ்சு ஆணா பெண்ணா என்பதைத் தீர்மானிப்பதே மணலின் வெப்பம்தான். சூடு கூடினால் பெண் குஞ்சுகள் மிகும், இன்னும் கூடினால் முட்டையே வெந்துபோகும்.

தனுஷ்கோடிப் பக்கத்துப் பொரிப்பகங்களுக்குக் கொண்டுவரப்படும் முட்டைகளில் பெரும்பாலானவை சித்தாமையுடையவை. முட்டையைக் கிடந்த நிலையிலேயே எடுத்து, புரட்டாமல், குலுக்காமல், குழியின் ஈர மணலோடு கூடையில் வைக்க வேண்டும். முட்டையிட்டு 6 மணி நேரத்துக்குள் புதிய குழியில் வைத்துவிட வேண்டும். அதற்குமேல் கரு ஓட்டின் உட்புறத்தில் ஒட்டிக்கொள்ளும். புரண்டால் பிய்ந்து இறக்கும். குழிக்கும் குழிக்கும் 1 மீட்டர் இடைவெளி. 45 முதல் 60 நாளில் குஞ்சு மேலே வரும். வந்தவற்றை வாளியில் வைத்து விழா நேரத்துக்குக் காத்திருக்கக் கூடாது. முதல் ஒரு நாள் நீந்தச் சேமித்த பலம் வாளிக்குள்ளேயே தீர்ந்துவிடும். இரவிலோ விடியலிலோ, நீரிலிருந்து சில மீட்டர் தள்ளி மணலில் விட்டுத் தானே நடந்து போகவிட வேண்டும்.

கடலாமை இனங்கள் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தின் முதல் அட்டவணையில் உள்ளன. பிடித்தாலோ கொன்றாலோ குறைந்தது 3 ஆண்டு, அதிகம் 7 ஆண்டு சிறை. வேட்டை நின்றது நல்லது. அதோடு ஆமையை நாள்தோறும் கையாண்ட கைகளில் இருந்த பெயரறிவும் தேய்கிறது. பேராமை, அழுங்காமை என்று தயங்காமல் பிரித்துச் சொல்பவர்கள் இன்று பெரும்பாலும் முதியவர்கள். பதிவேட்டில் "ஆலிவ் ரிட்லி" என்ற ஒற்றைப் பெயர் மட்டும் நின்றால், அவர்கள் சொன்னது எங்கும் ஏறுவதில்லை.

இதற்குப் பதிவேட்டில் மூன்று பத்திகள் இருந்தாலே போதும். முதல் பத்தியில், ஆமையைப் பார்த்த மீனவர் சொன்ன பெயரை, அவர் சொன்ன ஒலியிலேயே எழுதலாம்: சித்தாமை, பங்குனி ஆமை, எதுவாயினும் திருத்தாமல். இரண்டாவதில் அறிவியல் பெயர், லெபிடோகெலிஸ் ஒலிவேசியா. ரிட்லி, ரெட்லி, ஆலிவர் என்று எழுத்துக்கூட்டல் எப்படி மாறினாலும் இது மாறாது. மூன்றாவதில் எண்ணிக்கை: இடம் 6, வலம் 7, நெற்றி 2 ஜோடி, பாலம் 4, ஓட்டு நீளம் 66 செ.மீ. என்பதுபோல. பெயர்கள் இரண்டும் முரண்பட்டால், எண்ணியவர் மறுபடி ஆமையிடம் போய்க் கழுத்துத் தகட்டைச் சேர்த்து எண்ணினாரா என்று முதலில் பார்க்க வேண்டும்.